நுஸைபாவின் கிழங்கு மசியல்

எங்கள் அடுக்குமாடியில் குழந்தைக்கு டயபர் மாற்றக் கையுறை போடும் ஒரே ஆண்பிள்ளை நசீருதீன்தான். அவன் வேலை செய்யும் உணவகத்தில் பொட்டலம் கட்டுகிறவர்கள் போடுவார்களே, மெல்லிய பிளாஸ்டிக் கையுறை, அதில் ஒரு கட்டைக் கொண்டுவந்து தொட்டிலுக்குப் பக்கத்தில் வைத்திருந்தான். இரண்டு கையிலும் மாட்டிக்கொண்டு, முகத்தைத் திருப்பி, மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்த வேலையை முடிப்பான். நான் எதிர்வீட்டு வாசலில் நின்று பார்த்துச் சிரிப்பேன்.

"என்னப்பா நசீரு, ஆபரேஷனா நடக்குது?"

"சிரிக்காதீங்கக்கா. எனக்கு மூக்குதான் முதலு. அது கெட்டுப்போச்சுன்னா பொழப்பு போச்சு லா."

பிரிக்ஃபீல்ட்ஸில் ரயில் நிலையத்துக்குப் பின்பக்கம் இருக்கும் ஓர் உணவகத்தில் அவன் தலைமைச் சமையல்காரன். என்னைவிட இருபது வயதுக்குமேல் இளையவன், என் கடைசித் தம்பி இருந்திருந்தால் அந்த வயதுதான் இருக்கும். அதனால் 'அவன்' என்றே எழுதுகிறேன். அவனுக்கும் அதில் வருத்தமில்லை. என் பெயர் மகதலேனா. அப்பா ரயில்வேயில் சிக்னல் வேலை பார்த்தவர். நான் பள்ளி அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எதிர்வீட்டு நடமாட்டம்தான் எனக்குப் பொழுதுபோக்கு என்று யாராவது சொன்னால் மறுக்க மாட்டேன்.

மூக்கை முதல் என்று அவன் சொன்னதில் பொய் இல்லை. நோன்பு மாதத்தில் மற்ற சமையல்காரர்கள் நாக்கு நுனியில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்துத் துப்பிவிடுவார்கள். மார்க்கத்தில் அதற்கு இடம் உண்டு என்று அவனே சொல்லியிருக்கிறான். ஆனாலும் அவன் அப்படிச் செய்வதில்லை. பானைக்கு மேலே குனிந்து ஆவியை ஒரு இழுப்பு இழுப்பான். "உப்பு கம்மி" என்பான். போட்டுக் கிளறுவான். மாலையில் நோன்பு திறந்துவிட்டு வந்து சாப்பிடுகிறவர்கள் ஒரு குறையும் சொன்னதில்லை. முதலாளி அத்னான் இதைப் புது வாடிக்கையாளர்களிடம் பெருமையாகச் சொல்வார். நசீருதீன் கூச்சப்படுகிற மாதிரி அடுப்பைப் பார்த்துக்கொள்வான், காது மட்டும் சிவந்துபோகும்.

கிள்ளானில் பிறந்தவன். படிப்பு ஏறவில்லை. மங்கு தட்டு கழுவ வந்து, வெங்காயம் உரித்து, பரோட்டாக் கல்லில் நின்று, கடைசியில் கறிப் பானைக்கு வந்து சேர்ந்தான். அவன் பேர் சொல்லும் பண்டம் சம்பால் என்கிற மிளகாய்த் தொக்கு. அதற்காகச் சுபாங் ஜெயாவிலிருந்து காரில் வருகிறவர்கள் உண்டு. காய்ந்த மிளகாயை வேகவைத்து, அண்டாவில் தண்ணீர் விட்டு, இரண்டு கையாலும் பிசைந்து விதையை அலசி எடுத்துவிட்டுத்தான் அரைப்பான். மற்றவர்கள் அதைத் தொடுவதற்குத் தடித்த ரப்பர் கையுறை போடுவார்கள். "கையுறை போட்டா விதை போயிருச்சா இல்லையான்னு விரலுக்கு எப்படித் தெரியும்?" என்று அவன் வெறுங்கையை விடுவான். மிளகாய் அவன் கையை எரிப்பதை என்றைக்கோ நிறுத்திவிட்டது.

அந்தச் சம்பாலை நான் ஒருமுறைகூடச் சாப்பிட்டதில்லை. எனக்கு வயிற்றுப்புண். மிளகாயைக் கண்ணால் பார்ப்பதோடு சரி. அவன் கடையிலிருந்து எனக்கு வருவது எப்போதும் வெள்ளைச் சோறும் அவித்த முட்டையும்தான். அந்தப் பொட்டலத்தை நீட்டும்போதெல்லாம் அவன் முகம் போகும் போக்கைப் பார்க்கவேண்டும், ஏதோ நான் அவனை அவமானப்படுத்திவிட்ட மாதிரி.

நசீருதீனுக்கும் ஷிரீனுக்கும் கல்யாணமாகி வெகுகாலம் குழந்தை இல்லை. டாக்டர்கள் கைவிரித்துவிட்டார்கள். உறவுக்காரர்கள் கேட்பதை நிறுத்திவிட்டார்கள், அது கேட்பதைவிட வலிக்கும் என்று ஷிரீன் ஒருநாள் என்னிடம் சொன்னாள். அப்புறம் வந்தவள்தான் நுஸைபா. எடை குறைவாகப் பிறந்தாள், காது மட்டும் அத்தா நசீருதீனைக் கொண்டு பெரிதாக இருந்தது. மருத்துவமனையிலிருந்து கொண்டுவந்த அன்று நசீருதீன் எங்கள் மாடி முழுக்க எல்லா வீட்டுக்கும் நெய்ச்சோறு கொடுத்தான். என் பங்கைக் கொடுக்கும்போது, "காரமே இல்லக்கா, உங்களுக்குன்னு தனியா வச்சது" என்றான். அவன் கண் கலங்கியிருந்தது. நான் அதற்கு மட்டும் ஒன்றும் கிண்டல் சொல்லவில்லை.

குழந்தைக்கு ஆறு மாதம் நிறைந்தபோது நோன்பு பிறந்தது. அந்த வருடம் எங்கள் சாம்பல் புதனும் அவர்களுடைய முதல் நோன்பும் ஒட்டி வந்தன. நான் தவக்காலத்துக்கு இனிப்பை விட்டிருந்தேன். தேநீருக்குச் சீனி இல்லை, குவே பலகாரம் இல்லை, பழம்கூட எலுமிச்சைதான். எதிர்வீட்டில் பட்டினி, இந்த வீட்டில் ஒறுத்தல். எங்கள் மாடியில் அந்த மாதம் வாய்க்கு வேலையே இல்லை.

ஷிரீன் மஸ்ஜித் இந்தியா வட்டாரத்தில் ஒரு துணிக்கடையில் விற்பனையாளர். பெருநாள் வியாபாரம் தொடங்கிவிட்டால் மூச்சுவிட நேரமிருக்காது. காலையில் போனால் இரவுதான் வருவாள், வாரத்தில் ஒரே ஒரு நாள்தான் விடுப்பு. நசீருதீனின் உணவகமோ நோன்பு மாதத்தில் பகலில் அடைத்திருக்கும். மாலையில் திறந்து, விடியுமுன் சாப்பிடும் சஹர் வரைக்கும் ஓடும். அவன் கடைசியாக மறுநாளைக்கு மிளகாயைப் பிசைந்து அரைத்து வைத்துவிட்டு, விடிகாலைச் சுபுஹு தொழுதுவிட்டு வீட்டுக்கு வருவான். கொஞ்சம் தூங்கி எழுந்து பிள்ளையைப் பார்த்துக்கொள்வான். பிற்பகல் அவன் கிளம்பியதும் ஷிரீன் வரும்வரை என் பொறுப்பு. "நீங்க பால் மட்டும் குடுத்தா போதும்க்கா. சாப்பாடு நான் பார்த்துக்கிறேன். ஊருக்கே சமைக்கிறேன், என் புள்ளைக்குச் சமைக்க மாட்டேனா?" என்றான்.

முதல் சாப்பாடு சர்க்கரைவள்ளிக் கிழங்கு என்று அவனே முடிவு செய்தான். அதற்காகச் செலாயாங் மொத்தச் சந்தைக்குப் போனான். மூட்டைக் கணக்கில் வாங்குகிறவன், உள்ளே ஆரஞ்சு நிறமாக இருக்கும் ரகத்தில் ஒல்லியாகப் பார்த்து இரண்டை மட்டும் எடுத்து நீட்டியதும் கடைக்காரர், "என்ன பாஸ், நோன்புல மயக்கமா?" என்று கேட்டாராம். இதை என்னிடம் சொல்லும்போது அவனுக்கே சிரிப்புத் தாங்கவில்லை.

ஷிரீன் ஆன்லைனில் ஒரு சின்ன இயந்திரம் வாங்கி வைத்திருந்தாள். அதுவே அவிக்கும், அதுவே அரைக்கும். நசீருதீன் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இட்லிச் சட்டியில் தோலோடு அவித்தான். சூட்டோடு தோலை உரித்தான். கையை சோப்புப் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினான், அதில் குறை சொல்ல முடியாது. அப்புறம் கிண்ணத்தில் போட்டு விரலால் பிசைய ஆரம்பித்தான். கிழங்கில் நார் இருக்கும், இயந்திரம் அதை வெட்டுமே தவிர எடுக்காது, விரல்தான் கண்டுபிடிக்கும் என்பது அவன் கட்சி. ஒவ்வொரு நாராகத் தடவித் தடவி எடுத்தான். இடையிடையே ஷிரீன் எடுத்து வைத்துவிட்டுப் போன தாய்ப்பாலை இளஞ்சூடாக்கி ஊற்றி, மறுபடியும் பிசைந்தான். சந்தனம் மாதிரி வந்தது. எனக்கே நாக்கில் எச்சில் ஊறியது.

"கொஞ்சம் பார்க்கிறீங்களாக்கா?"

"தவக்காலம்பா. இனிப்பு தொடமாட்டேன்."

"கிழங்கு என்னக்கா இனிப்பு?"

"நாக்குக்கு இனிச்சா இனிப்புதான். நீதான் மோந்து பார்த்தே சொல்லுவியே."

அவன் கிண்ணத்தை முகர்ந்தான். "அருமையா இருக்கு" என்றான். பிஸ்மில்லாஹ் சொல்லி, சின்னக் கரண்டியில் எடுத்துக் குழந்தையின் வாயில் வைத்தான். நுஸைபா கண்ணை அகலமாக்கி, சப்புக்கொட்டி, விழுங்கினாள். நசீருதீன் என்னைப் பார்த்த பார்வையில் அத்தனை பெருமை. இரண்டாவது வாய் வைத்தான். மூன்றாவது வருவதற்குள் அவள் முகம் சுருங்கி, சிவந்து, வீல் என்று கத்தினாள். அப்படி ஒரு அழுகையை நான் அவளிடம் கேட்டதேயில்லை.

முதல் நாள்தானே என்று விட்டோம். மறுநாளும் அதே கதை. அதற்கடுத்த நாள் கரண்டி வேண்டாம் என்று விரல் நுனியில் தொட்டு வைத்தான். அன்று அழுகை இன்னும் மோசம். வாயைச் சுற்றிச் சிவப்பாகத் தடித்திருந்தது. ஒவ்வாமையாக இருக்கும் என்றேன் நான். கண்ணேறு என்றார் கீழ்வீட்டுச் சீதாலெட்சுமி அம்மா. கிளினிக்கில் தாதி எடை போட்டுப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். எடை போதாது, இனிமேல் பால் மட்டும் பற்றாது, கெட்டியாக ஏதாவது உள்ளே போயாக வேண்டும் என்று சொல்லி அனுப்பினாள்.

இதில் கொடுமை என்னவென்றால், விடுப்பு நாளில் ஷிரீன் அதே கிழங்கை அந்த இயந்திரத்தில் போட்டு அரைத்துக் கொடுத்தால் நுஸைபா வாய் திறந்து சாப்பிட்டாள். அழவில்லை, சிவக்கவில்லை. கிண்ணத்தைப் பிடித்து இழுத்தாள். நசீருதீன் கதவோரம் நின்று பார்த்தான்.

"ஒவ்வாமையும் இல்ல ஒண்ணும் இல்ல மச்சான். எங்கிட்ட சமத்தா சாப்பிடுறாளே" என்றாள் ஷிரீன். குத்திக்காட்டிச் சொல்லவில்லை, பிள்ளை சாப்பிட்ட சந்தோஷத்தில் சொன்னாள். ஆனாலும் அது அவனுக்கு எங்கே போய்ப் பட்டது என்று எனக்குத் தெரிந்தது.

அந்த வாரத்தில் ஷிரீனின் அக்கா, அவர்கள் வழக்கில் லாத்தா, ஆரிஃபா கிள்ளானிலிருந்து வந்தாள். பெரிய வீடு, வளர்ந்த பிள்ளைகள், நல்ல மனசு, அதிகாரக் குரல். எல்லாம் கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொன்னாள். பெருநாள் முடிந்ததும் குழந்தை கிள்ளானுக்கு வரட்டும். வார நாளில் அங்கே இருக்கட்டும், சனி ஞாயிறு இங்கே கொண்டுவந்து விடலாம். பெருநாளுக்கு அப்புறமும் ஷிரீனுக்கு முழுநாள் வேலைதான். நசீருதீன் இரவு வேலை கேட்டு வாங்கியிருந்ததால் பகல் முழுக்க அவன்தான் பிள்ளையோடு இருக்கவேண்டும். அவன் கையில் குழந்தை சாப்பிடவில்லையென்றால் அது எப்படி நடக்கும்?

"உங்க நல்லதுக்குத்தான் தம்பி சொல்றேன். புள்ள உடம்பு தேறணும்ல."

"சரி லாத்தா" என்றான் நசீருதீன். வேறு என்ன சொல்வான்? அவள் சொன்னதில் தப்பில்லையே. அத்தனை வருடம் காத்துக் கிடைத்த பிள்ளையை வாரத்துக்கு இரண்டு நாள் மட்டும் பார்க்கவேண்டும் என்பதற்கும் அவன் 'சரி' என்றுதான் சொன்னான். எனக்கு ஆத்திரமாக வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

அதற்கப்புறமும் அவன் விடவில்லை. தினமும் கிழங்கை அவித்தான், பிசைந்தான், நாரெடுத்தான். ஊட்டினால் அவள் அழுவாள் என்று தெரிந்துகொண்டே ஊட்டினான். பிறகு கிண்ணத்தைப் பார்த்தாலே அவள் தலையைத் திருப்ப ஆரம்பித்தாள். மிச்சத்தை எனக்குக் கொண்டுவருவான். நான் தவக்காலம் என்பேன். ஒருநாள் வராந்தாப் பூனைக்கு வைத்தான். அது முகர்ந்து பார்த்து, ஒரு நக்கு நக்கி, தலையை உதறிக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டது. "பூனைகூட வேணாங்குது" என்று சொல்லிவிட்டு அவன் கிண்ணத்தைக் கழுவப் போனான். எனக்கு அப்போதாவது மண்டையில் ஏறியிருக்க வேண்டும்.

ஏறியது இன்னும் சில நாள் கழித்துத்தான். ஒரு முற்பகலில் குழந்தையை இடுப்பிலும் கிண்ணத்தைக் கையிலும் வைத்துக்கொண்டு என் வாசலில் வந்து நின்றான்.

"அக்கா, இன்னைக்கு நீங்க ஊட்டிப் பாருங்க. எம்மூஞ்சிதான் அவளுக்குப் பிடிக்கலையோ என்னவோ. பெத்தவன் கையில சாப்பிட மாட்டேங்குதுன்னா என்ன அர்த்தம்? எங்கிட்ட ஏதோ குறை இருக்கு."

"பைத்தியம் மாதிரி பேசாத" என்று அதட்டினேன். குழந்தையை மடியில் வைத்து, அவனை அவள் கண்ணில் படாமல் கதவுக்குப் பின்னால் நிற்கச் சொன்னேன். வேடிக்கை காட்டி, சாவியை ஆட்டி, வாய் திறந்த நேரம் பார்த்து ஒரு கரண்டி வைத்தேன். சப்பினாள். சிரித்தாள். நான் இரண்டாவது கரண்டி எடுப்பதற்குள் வீல் என்று ஆரம்பித்தாள்.

கதவுக்குப் பின்னால் நின்றவன், "பார்த்தீங்களா, உங்ககிட்டயும் அழுவுறா" என்றான். அதில் பாதி நிம்மதி இருந்தது. எனக்கு அந்த நொடியில்தான் புரிந்தது. ஆள் மாறியும் அழுகை மாறவில்லையென்றால் குற்றம் ஆளிடம் இல்லை, கிண்ணத்தில்தான் இருக்கிறது. இந்த மசியலை இத்தனை நாளில் யார் தின்று பார்த்தார்கள்? அவன் நோன்பு, மாலையில் நோன்பு திறக்கும்போது கடையில் இருப்பான். ஷிரீன் நோன்பு, அவள் வருவதற்குள் மிச்சம் குப்பைக்குப் போயிருக்கும். நான் தவக்காலம். பூனை ஒன்றுதான் பார்த்தது, அதற்கும் வாய் பேசத் தெரியாது.

ஆண்டவரே, நீரே பார்த்துக்கொள்ளும் என்று மனதுக்குள் சொல்லிவிட்டு, ஒரு கரண்டியை என் வாயில் போட்டேன்.

முதலில் நல்ல தித்திப்பு. எத்தனையோ நாள் கழித்து நாக்கில் பட்ட தித்திப்பு. விழுங்கியதும் உதட்டோரம் சுருக்கென்றது. அப்புறம் நாக்கின் நுனி, அப்புறம் தொண்டை. கண்ணில் நீர் வந்துவிட்டது.

"அட பாவி! காரம்டா!"

"காரமா? என்னக்கா சொல்றீங்க? வீட்ல மிளகாயே இல்ல. கிழங்கும் பாலும்தானே!"

"கையைக் காட்டு."

காட்டினான். சுத்தமான கைதான், சோப்பு வாசம் அடித்தது. நகக்கண்ணில் மட்டும் லேசாக ஒரு சிவப்பு.

"ராத்திரி கடையில என்ன செஞ்ச?"

"மிளகா பிசைஞ்சேன். தினமும் செய்யறதுதானே. சோப்புப் போட்டுக் கழுவிட்டுதான் வரேன். தொழுகைக்கு உளூ செய்யும்போதெல்லாம் மூஞ்சி கழுவுறேன், ஒண்ணும் எரியலையேக்கா."

"தண்ணி வேற, பால் வேற. இந்த மசியலை எடுத்துக் கண்ணோரத்துல தடவிப் பாரு."

தடவினான். ஒரு நொடி ஒன்றுமில்லை. அப்புறம் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டான். கடையில் காரம் தாங்காமல் துடிக்கும் சுற்றுப்பயணிகளுக்குத் தண்ணீர் கொடுக்காதே, பால் கொடு என்று பையன்களை விரட்டுகிறவன் அவன். மிளகாயைத் தண்ணீர் எடுக்காது, பால்தான் எடுக்கும் என்று அவனுக்குத் தெரியாதா? வெதுவெதுப்பான பாலை ஊற்றி, நாரைத் தேடித் தேடிப் பிசைந்ததில், விரலில் ஊறிக் கிடந்ததெல்லாம் அந்தக் கிண்ணத்தில் இறங்கியிருக்கிறது. எவ்வளவு அக்கறையாகப் பிசைந்தானோ அவ்வளவு காரம்.

கண்ணோரத்தில் ஆரஞ்சு நிறக் கிழங்கோடு அவன் என் வாசலில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். கண்ணீர் வழிந்தது. முதலில் அது மிளகாய்க்கு வந்த கண்ணீர். பிறகு தோள் குலுங்க ஆரம்பித்தது.

"எம்புள்ளைக்கு நானே மிளகா ஊட்டியிருக்கேனே அக்கா. அவ அழ அழ ஊட்டியிருக்கேனே."

நானும் அழுதேன். மடியில் நுஸைபா அழுகையை நிறுத்திவிட்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்குப் பால் கொடுத்து வாயைத் துடைத்துவிட்டு, அவனிடம் சொன்னேன்: "மலத்துக்குக் கையுறை போடுற. மிளகாய்க்குப் போடமாட்டேங்குற. உன்னை என்ன செய்யறது?" அழுகைக்கு நடுவில் அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அவனே ஷிரீனுக்கு ஃபோன் செய்து எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னான். என்ன சொல்வாளோ என்று நான் பயந்துபோனேன். பிறகு அவள் குரல் கேட்டது: "மச்சான், நீங்க அழுதீங்களா?" அவ்வளவுதான் கேட்டாள். எனக்கு அந்தப் பெண்ணை அன்றைக்கு இன்னும் பிடித்துப்போனது.

அன்றிலிருந்து அவன் சம்பால் அண்டாவைத் தொடவில்லை. இன்னொருவனைப் பிசையச் சொல்லிவிட்டு, விதை போயிருக்கிறதா என்று எட்ட நின்று பார்த்தான். வீட்டில் தேங்காயெண்ணெயை விரலில் ஊற்றி, பழைய பல்துலக்கியால் நகக்கண்ணைத் தேய்த்தான். பிறகு பால், பிறகு சோப்பு. அதன்பின் என் முன்னால் வந்து கையை நீட்டுவான், நான் விரலில் கொஞ்சம் கிழங்கைத் தடவி நாக்கில் வைத்துப் பார்ப்பேன். இன்னும் இருக்கிறது என்பேன். போய்விடுவான். ஒருநாள் இல்லை என்றேன். அவன் அந்தக் கையை நெஞ்சில் வைத்துக்கொண்டான்.

ஆனால் பிள்ளைக்கு அதெல்லாம் தெரியுமா? காரமில்லாத மசியலை நான் கொடுத்தால் நுஸைபா சாப்பிட்டாள். நானும் ஒரு வாய் தின்று காட்டுவேன். என் வாய் அசைவதைப் பார்த்து அவளும் வாயைத் திறப்பாள். என் தவக்காலம் இப்படித் தினமும் ஒரு கரண்டியாக முறிந்தது. பாவசங்கீர்த்தனத்தில் அதை நான் சொல்லவில்லை, சொல்லவும் போவதில்லை. ஆனால் அத்தாவின் கை கிண்ணத்தோடு வருவதைக் கண்டால் அவள் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டாள். அவன் வாயை அகலமாகத் திறந்து "ஆ" என்பான். அந்த வெறும் வாயை அவள் நம்பவில்லை.

"பெருநாளுக்குள்ள உங்க கையில ரெண்டு வாய் சாப்பிட்டுட்டா போதும் மச்சான். லாத்தாகிட்ட நானே பேசிக்கிறேன்" என்றாள் ஷிரீன். அவன் தலையாட்டினான். பிறை தெரியும்வரை நுஸைபா அவன் கையில் ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை.

பெருநாள் காலையில் என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். ஆரிஃபா கிள்ளானிலிருந்து பிரியாணியோடும் கணவர் ஆசிமோடும் வந்திருந்தாள். குழந்தையின் சட்டைகள், புட்டிகள், ஒரு சின்னப் போர்வை எல்லாவற்றையும் அவளே மடித்து ஒரு பையில் வைத்துக் கதவருகில் தயாராக வைத்துவிட்டாள். சாப்பிட்டுவிட்டுக் கிளம்புவதாக ஏற்பாடு. ஷிரீன் புதுச்சேலையில் சமையலறைக்கும் கூடத்துக்கும் நடந்தாள், எந்தப் பக்கம் போனாலும் அந்தப் பையைப் பார்க்காமல் நடந்தாள்.

தொழுதுவிட்டு வந்த நசீருதீன் யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் கிழங்கை அவித்தான். முட்கரண்டியால் மசித்தான். பால் ஊற்றினான். வெள்ளை ஜிப்பாவோடு தரையில் உட்கார்ந்து நுஸைபாவை எதிரே உட்கார வைத்துக்கொண்டான். அவள் கிண்ணத்தைப் பார்த்தாள். உதடு மூடிக்கொண்டது.

"விடுங்க மச்சான். நான் குடுக்கிறேன்" என்று ஷிரீன் மெதுவாகச் சொன்னாள்.

நோன்பு மாதம் தவிர மற்ற நாளெல்லாம் எந்தப் பண்டத்தையும் தன் வாயில் போட்டுப் பார்க்காமல் அவன் பரிமாறமாட்டான். அன்று பெருநாள். அவன் யோசித்துச் செய்ததாக எனக்குத் தோன்றவில்லை, கை தன் பழைய வழக்கத்துக்குத் திரும்பியது. வேறொரு கரண்டியில் கொஞ்சம் எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொண்டான். மென்றான். முகம் மாறியது.

"இவ்ளோ இனிப்பாக்கா இருக்கு இது?" என்றான் என்னிடம். ஒரு மாதம் தினமும் செய்த பண்டத்தை அப்போதுதான் அவன் ருசி பார்க்கிறான்.

நுஸைபா அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். சாப்பாடு என்று ஒன்று இருப்பது தெரிந்த நாளிலிருந்து, அத்தா சாப்பிட்டு அவள் பார்த்ததே இல்லை. அவன் இன்னொரு கரண்டி தின்றான், இந்தத் தடவை அவளுக்காக, மெதுவாக. அவள் முன்னால் சாய்ந்தாள். கை நீட்டினாள். கரண்டியை விட்டுவிட்டு, கிண்ணத்தின் விளிம்பில் இருந்த அவன் ஆள்காட்டி விரலைப் பிடித்தாள். அதில் கொஞ்சம் மசியல் ஒட்டியிருந்தது. தன் வாய்க்கு இழுத்தாள்.

அவன் மிரண்டுபோய் என்னைப் பார்த்தான். "அக்கா..."

"குடுப்பா. ஒண்ணும் ஆகாது. நான் பார்த்திருக்கேன்ல."

விரல் உள்ளே போனது. அவள் சப்பினாள். அழுகைக்காக எல்லோரும் காத்திருந்தோம். அழுகை வரவில்லை. அவள் இரண்டு கையாலும் அந்த விரலைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, ஈறால் கடித்துக்கொண்டு, மறுபடி கிண்ணத்தைப் பார்த்தாள். அவன் மறுகையால் கரண்டியில் எடுத்தான். வாய் திறந்தாள். இன்னொன்று. மறுபடியும் திறந்தாள். ஷிரீன் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஆசிம் சாப்பாட்டு மேசையில் தட்டுகளோடு காத்திருந்தார். ஆரிஃபா, "பிரியாணி ஆறுது தம்பி, வந்து ஒரு வாய் சாப்பிடுங்க" என்றாள்.

"நீங்க சாப்பிடுங்க லாத்தா" என்றான் நசீருதீன், பிள்ளையிடமிருந்து கண்ணை எடுக்காமல். "எனக்கு இப்போ கை ஒழியாது."

ஆரிஃபா கதவருகில் போய் அந்தப் பையைத் திறந்து, மடித்து வைத்த சட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து அலமாரியில் திரும்ப அடுக்க ஆரம்பித்தாள்.